ஒரு வயதுக் குழந்தையும் திரையும்: மணிக்கணக்கு மட்டும் போதுமா?

ஈசூன் மலர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோர் சந்திப்புகளில் என்னிடம் அதிகம் வரும் கேள்வி, "டீச்சர், பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஐபேட் கொடுக்கலாம்?" என்பதுதான். இதற்குச் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த வழிகாட்டுதலின்படி, 18 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் திரையே வேண்டாம், முகம் பார்த்துப் பேசும் வீடியோ அழைப்பு மட்டும் விதிவிலக்கு. 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளியில் பார்ப்பது போக, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. 7 முதல் 12 வயது வரை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. சாப்பிடும்போது கூடாது, படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் கூடாது.

இந்த எண்களுக்குப் பின்னால் நம் ஊர்க் குழந்தைகளிடம் செய்த ஆய்வும் இருக்கிறது என்பது பல பெற்றோருக்குத் தெரியவில்லை. கஸ்டோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2009இல் தொடங்கியது. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 1,200க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூன்று சமூகத்தினரும் அதில் உண்டு. அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகள் வளர்ந்து உயர்நிலைப்பள்ளி வயதுக்கு வந்துவிட்டார்கள், இன்னமும் அவர்களைப் பின்தொடர்கிறார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் செய்தது நமக்கு எப்படிப் பொருந்தும் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

அந்தக் குழந்தைகளில் 437 பேரை வைத்து எழுதிய கட்டுரை 2023இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்தது. குழந்தைக்கு 12 மாதம் ஆனபோது, எவ்வளவு நேரம் திரை பார்க்கிறது என்று பெற்றோரிடம் கேட்டிருக்கிறார்கள். சராசரி, நாளுக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். ஒரு வயதில்! 18 மாதத்தில் மூளை அலைகளைப் பதிவுசெய்தார்கள். 9 வயதில் கவனம், தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் திறன் ஆகியவற்றைச் சோதித்தார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது அதிகம் திரை பார்த்தவர்களிடம் தீட்டா என்னும் மெதுவான அலைகள் கூடுதலாகத் தெரிந்தன. 9 வயதில் கவனமும் குறைவாக இருந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2024இல் வந்த இன்னொரு கட்டுரை. அதுவும் கஸ்டோ பிள்ளைகளை வைத்துத்தான். கைக்குழந்தைப் பருவத்தில் அதிகம் திரை பார்த்தவர்களுக்கு, உணர்ச்சிகளைக் கையாளும் மூளை இணைப்புகள் வளரும் விதத்தில் மாற்றம் தெரிந்தது. ஆனால் 3 வயதில் அப்பா அம்மா அடிக்கடி புத்தகம் வாசித்துக்காட்டிய வீடுகளில் அந்தத் தொடர்பு நன்றாகவே மங்கியிருந்தது. அதே திரை நேரம்தான், விளைவு வேறு.

எனவே, "எவ்வளவு நேரம்" என்பதோடு நிறுத்தாமல், "அந்த நேரத்தில் குழந்தைக்குக் கிடைக்காமல் போனது என்ன" என்றும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். அது பெரும்பாலும் பேச்சு. நம் வீடுகளில் தமிழ்ப் பேச்சு. இங்குள்ள பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் என்ன நினைக்கிறீர்கள்?

செங்காங் தாதி

மலர் அக்கா, நல்ல இழை. ஆனால் இந்த மாதிரிச் செய்திகளைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைக் கலக்கும். நான் தாதி, மூன்று ஷிஃப்டும் வரும். கணவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை. 14 மாதப் பையனை மாமியார் பார்த்துக்கொள்கிறார். ஊரிலிருந்து வந்து எங்களுக்காக இருக்கிறார், பாவம், அவருக்கு இங்கே யாரையும் தெரியாது. காலையில் எழுந்ததும் டிவி போட்டுவிடுவார். தமிழ்த் தொடர், அது முடிந்தால் இன்னொரு தமிழ்த் தொடர். பையன் உட்கார்ந்து பார்ப்பதில்லை, தன் பாட்டுக்கு விளையாடுகிறான். டிவி சும்மா ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இதுவும் திரை நேரக் கணக்கில் வருமா? வரும் என்றால் எங்கள் வீட்டில் நாளுக்கு எட்டு மணி நேரம் ஆகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஆய்வு வந்தாலும் கடைசியில் பழி வேலைக்குப் போகும் அம்மா தலையில்தான் விழுகிறது.

கதிர் எண்

நான் புள்ளிவிவரத் துறையில் வேலை பார்ப்பவன். தாதி தங்கச்சிக்கு முதலில் ஒரு விஷயம். 2023 கட்டுரை, திரைதான் 9 வயதுக் கவனக்குறைவுக்குக் காரணம் என்று நிரூபிக்கவில்லை. அப்படி நிரூபிக்கும் வகை ஆய்வும் இல்லை அது. யாருக்கு எவ்வளவு திரை என்று ஆய்வாளர்கள் பிரித்துக் கொடுக்கவில்லை, குடும்பங்களே தீர்மானித்தன. பிறவியிலேயே அமைதியில்லாமல் அழுதுகொண்டிருக்கும் குழந்தைக்குத்தான் போனைக் கையில் கொடுத்திருப்பார்கள் என்றால், காரணமும் விளைவும் தலைகீழாகிவிடும். வருமானம், அம்மாவின் படிப்பு, மனநிலை எல்லாமே திரை நேரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். அவற்றைக் கணக்கில் கழிக்கப் பார்ப்பார்கள். முழுதாகக் கழிக்க முடியாது. திரை நேரமும் பெற்றோர் நினைவிலிருந்து சொன்னதுதான்.

இந்தத் துறையில் ஒரு பழைய பாடம் உண்டு. ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாயை முன்னால் வைத்து, "கொஞ்ச நேரம் பொறுத்தால் இரண்டாகத் தருவேன்" என்று 4 வயதுக் குழந்தைகளிடம் சொல்லும் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உளவியலாளர் வால்டர் மிஷல் ஸ்டான்ஃபர்டில் செய்தது. பொறுத்த குழந்தைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்று வந்த முடிவை வைத்து உலகம் முழுக்கப் பெற்றோருக்கு வகுப்பு எடுத்தார்கள். 2018இல் டைலர் வாட்ஸும் மற்றவர்களும் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். முதலில் தெரிந்த தொடர்பே பழைய ஆய்வில் இருந்ததில் பாதி அளவுதான். குடும்பப் பின்னணியையும் சிறுவயது அறிவுத்திறனையும் சேர்த்துக் கணக்கிட்டதும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது. வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் காத்திருப்பது எளிது என்பதுதான் அந்த முடிவின் பெரும்பகுதி.

கஸ்டோவைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறப்பதற்கு முன்பிருந்தே பின்தொடர்வதும், பெற்றோர் சொல்லோடு நிறுத்தாமல் மூளை அலையையும் பதிவுசெய்ததும் அதன் பலம். எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். தீர்ப்பாக எடுத்துக்கொண்டு யாரும் தன்னை வருத்திக்கொள்ள வேண்டாம்.

ஈசூன் மலர்

கதிர் அண்ணா சொன்னதை ஏற்கிறேன். தாதி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட "சும்மா ஓடும் டிவி"தான் என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் மையம்.

அமெரிக்காவில் டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் என்ற குழந்தை மருத்துவரின் குழு 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2 மாதம் முதல் 4 வயது வரை 329 குழந்தைகள். சட்டையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, நாள் முழுக்க வீட்டில் கேட்கும் சத்தத்தைப் பதிவுசெய்தார்கள். டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்கள் பேசிக் குழந்தையின் காதில் விழும் சொற்கள் 770 குறைந்தன. குழந்தை டிவியைப் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை. பெரியவர் வாய் மூடிக்கொள்கிறது. அதுதான் நடக்கிறது. குழந்தை எழுப்பும் ஒலிகளும் குறைந்தன.

2024இல் ஆஸ்திரேலியாவிலிருந்து 220 குடும்பங்களை வைத்து இதேபோல இன்னொன்று வந்தது. 3 வயதில், கூடுதலாக ஒரு நிமிடம் திரை ஓடினால் பெரியவர் சொற்கள் 6.6 குறைவு, குழந்தை எழுப்பும் ஒலிகள் 4.9 குறைவு, மாறி மாறிப் பேசிக்கொள்வதில் ஒரு சுற்று குறைவு. நிமிடத்துக்கு இவ்வளவு என்றால் நாள் முழுக்கக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எனவே எட்டு மணி நேரம் என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அந்த எட்டு மணி நேரத்தில் மாமியார் பையனிடம் எவ்வளவு பேசுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். பழி பற்றி நீங்கள் சொன்னது நியாயம். நான் எழுதியது அம்மாவுக்கு மட்டும் அல்ல, அப்பா, பாட்டி, வீட்டில் இருக்கும் பணிப்பெண், எல்லோருக்கும்தான்.

தோபாயோ தாத்தா

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு வயதுப் பேத்தியைப் பகலில் நானும் என் மனைவியும் பார்த்துக்கொள்கிறோம். மகனும் மருமகளும் வீட்டில் ஆங்கிலம்தான். நான் குறை சொல்லவில்லை, அவர்கள் படித்த விதம் அப்படி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 59.2 விழுக்காடு, தமிழ் என்று சொன்னவர்கள் 27.9 விழுக்காடு. பத்து ஆண்டுகளுக்கு முன் தமிழ் 36.7 ஆக இருந்தது. எங்கள் வீடும் அந்தக் கணக்கில் ஒன்று.

அதனால் நான் வேண்டுமென்றே யூடியூபில் தமிழ்க் குழந்தைப் பாட்டுகளைப் போட்டுவிடுகிறேன். தமிழ் காதில் விழட்டும் என்றுதான். நிலா நிலா ஓடி வா அவளுக்கு நன்றாகப் பிடிக்கும். இதையும் நிறுத்து என்றால் தமிழுக்கு வேறு வழி என்ன? இதைக் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நாவும் காதும்

ஐயா, வணக்கம். நான் பேச்சு, மொழி சிகிச்சையாளர். நீங்கள் கேட்டதற்கு நேராகவே ஓர் ஆய்வு இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர், ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் குழந்தைகளிடம் இந்தி ஒலிகளைச் சோதித்தார்கள். அவர்கள் எடுத்த ஒலிகள் நமக்கு அத்துப்படி. நாக்கு நுனி பல்லில் படும் ‘த’, நாக்கு மடங்கி மேலே தொடும் ‘ட’. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு கிடையாது. 6 முதல் 8 மாதக் குழந்தைகள் இரண்டையும் வேறு வேறு என்று எளிதாகக் கண்டுபிடித்தார்கள். 10 முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தத் திறன் போய்விட்டது. வீட்டில் கேட்காத ஒலிகளைப் பிரித்துப் பார்ப்பதை மூளை விட்டுவிடுகிறது. முதல் பிறந்தநாளுக்கு முன்பே இது நடந்துவிடுகிறது.

சரி, அப்படியானால் அந்த ஒலிகளைத் திரையில் கேட்கவைத்தால் போதுமா? 2003இல் சியாட்டிலில் பேட்ரிஷியா குல் இதைத்தான் சோதித்தார். 9 மாத அமெரிக்கக் குழந்தைகள். சிலருக்கு மாண்டரின் பேசுபவர் எதிரில் உட்கார்ந்து 12 தடவை பொம்மை காட்டி, புத்தகம் வாசித்து விளையாடினார். சிலருக்கு அதே நபர், அதே பேச்சு, ஆனால் வீடியோவில். இன்னும் சிலருக்கு ஒலி மட்டும். நேரில் கேட்ட குழந்தைகள் மாண்டரின் ஒலி வேறுபாட்டைத் தைவான் குழந்தைகளுக்கு இணையாகக் கண்டுபிடித்தார்கள். வீடியோவிலும் ஒலிப்பதிவிலும் கேட்டவர்கள், மாண்டரினே கேட்காத குழந்தைகளைப் போலத்தான் இருந்தார்கள். வீடியோவைப் பார்க்காமல் இருக்கவில்லை, பார்த்தார்கள். கற்றுக்கொள்ளவில்லை.

உங்கள் பேத்திக்கு இரண்டு வயது ஆகிவிட்டதால் பாட்டுக் கேட்பதில் பெரிய கேடு ஒன்றும் இல்லை, ஒரு மணி நேர வரம்புக்குள் இருக்கட்டும். ஆனால் அது தமிழைக் கொடுத்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். தமிழைக் கொடுப்பது நீங்கள்தான். அந்தப் பாட்டை நீங்களே பாடுங்கள். "ஓடி" என்று சொல்லி நிறுத்துங்கள், "வா" அவள் சொல்லட்டும். ஈரச்சந்தைக்குக் கூட்டிப் போய்க் கத்திரிக்காய், வெண்டைக்காய் என்று கையில் கொடுத்துச் சொல்லுங்கள். என்னிடம் வரும் குழந்தைகளில் ‘ள’, ‘ழ’ எல்லாம் அழகாக வருவது, தாத்தா பாட்டி மடியில் உட்கார்ந்து கதை கேட்ட குழந்தைகளுக்கு. ஆய்வு முடிவாக இதைச் சொல்லவில்லை, நான் கண்டது. அப்புறம், இரண்டு மொழி சேர்ந்து கேட்டால் குழந்தைக்குக் குழப்பம் வரும், பேச்சு தாமதமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருமொழியில் வளர்வது பேச்சுக் கோளாறுக்குக் காரணம் ஆவதில்லை. இதை நம்பியே பல வீடுகளில் தமிழை விட்டுவிட்டார்கள். எனக்கு அதில்தான் பெரிய வருத்தம்.

தோபாயோ தாத்தா

நன்றி அம்மா. பாடுவதில் எனக்குச் சிரமம் இல்லை. மனைவிக்குக் குரல் இன்னும் நல்லது.

உட்லண்ட்ஸ் கலா

நாம் குழந்தையின் திரையைப் பற்றியே பேசுகிறோம். நம் கையில் இருக்கும் போன்? விளையாட்டு மைதானத்தில் ஊஞ்சலை ஒரு கையால் ஆட்டிக்கொண்டு மறு கையில் வாட்ஸ்அப் பார்க்கும் பெற்றோரைத் தினமும் பார்க்கிறேன்.

நாவும் காதும்

கலா, சரியான கேள்வி. 2017இல் அமெரிக்காவில் செய்தது ஒன்று. 38 அம்மாக்கள், தங்கள் 2 வயதுக் குழந்தைக்கு இரண்டு புதிய சொற்களைக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுக்கும்போது நடுவில் ஆய்வாளரே போன் செய்து இடைமறிப்பார். இன்னொன்றுக்குத் தொந்தரவு இல்லை. இரண்டு சொல்லையும் அம்மா சொன்ன தடவைகள் ஒன்றுதான். இடைமறிப்பு இல்லாத சொல்லைக் குழந்தைகள் கற்றுக்கொண்டார்கள், போன் வந்து அறுந்ததைக் கற்றுக்கொள்ளவில்லை. எத்தனை தடவை சொன்னோம் என்பதோடு, அறுந்துபோகாமல் பேசினோமா என்பதும் கணக்கில் வருகிறது.

ஜூரோங் அப்பா

பேச்சு பற்றிச் சொல்லிவிட்டீர்கள். திரை பறிப்பது அதை மட்டுமல்ல, வெயிலையும். என் பையனுக்குத் தொடக்கநிலை இரண்டிலேயே கண்ணாடி. சிங்கப்பூரில் 12 வயதுக்குள் ஏறக்குறைய 65 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது என்கிறார்கள். "நிறையப் படிக்கிறான், அதான்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பரம்பரை என்று விட்டுவிடாமல் தேடிப் பார்த்தேன்.

கேத்ரின் ரோஸ் என்பவர் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வை இங்குள்ள ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 6, 7 வயதுச் சீனப் பிள்ளைகள். ஒரு கூட்டம் சிட்னியில், ஒரு கூட்டம் சிங்கப்பூரில். பெற்றோருக்குக் கிட்டப்பார்வை இருப்பது இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சிட்னியில் 3.3 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை, சிங்கப்பூரில் 29.1. சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் படிக்காதவர்கள் என்று நினைக்காதீர்கள், வாரத்துக்கு நம் பிள்ளைகளைவிட அதிகமாகவே படித்தார்கள். வேறுபாடு எதில் தெரியுமா? சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூரில் 3.05 மணி நேரம்.

ஒரு வாரத்துக்கு மூன்று மணி நேரம்! என் பையனுக்கு அதுவும் கிடைத்ததா என்பது சந்தேகம். பள்ளி, துணைப்பாடம், வீடு, ஐபேட். பிரகாசமான ஒளி விழித்திரையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளின் சுரப்பைத் தூண்டி, கண்பந்து நீளமாக வளர்வதைத் தடுக்கிறது என்பது இப்போது பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். கண்ணாடி போடுவதோடு முடிகிற விஷயமும் இல்லை. சிறு வயதில் தொடங்கினால் பவர் ஏறிக்கொண்டே போகும், அதிகப் பவர் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை விலகும் ஆபத்து கூடும்.

கதிர் எண்

ஜூரோங் அப்பா, உங்கள் பக்கம் ஆதாரம் இன்னும் வலுவாகவே இருக்கிறது. சீனாவின் குவாங்ஜோவில் 12 பள்ளிகளை எடுத்து, எந்தப் பள்ளிக்கு எது என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பாதிப் பள்ளிகளில் 6 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குக் கூடுதலாக 40 நிமிட வெளிப்புறப் பாடவேளை. மூன்று ஆண்டு கழித்து, அந்தப் பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, மற்றவற்றில் 39.5. 2015இல் வெளிவந்தது. இங்கே குடும்பத்தின் விருப்பம் குறுக்கே வராததால், வெளியே இருந்ததுதான் காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம். பேட்ரிஷியா குல் செய்ததும் சோதனைதான், வெறும் கணக்கெடுப்பு இல்லை. திரைக்கும் மூளை அலைக்கும் உள்ள தொடர்பைவிட, மனிதர் எதிரில் இருப்பதன் பலனையும் வெளிச்சத்தின் பலனையும் நான் அதிகம் நம்புவது இதனால்தான். குழந்தைக்குக் கிடைக்காமல் போனது என்ன என்று மலர் முதலில் கேட்ட கேள்வி இந்த இடத்தில் சரியாகப் பொருந்துகிறது.

உட்லண்ட்ஸ் கலா

வெளியே போ என்று சொல்வது எளிது. மதியம் அனல், நான்கு மணிக்கு இடி மழை, வருஷத்தில் சில மாதம் புகைமூட்டம். பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுவது?

ஜூரோங் அப்பா

உச்சி வெயில் தேவையில்லை கலா. மர நிழலில்கூட வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டு விளக்கில் சில நூறு லக்ஸ்தான் வரும், வெளியே நிழலிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். நாங்கள் ஐந்தரை மணிக்குமேல் புளோக் அருகில் இருக்கும் பூங்காவுக்குப் போகிறோம். மழை என்றால் இல்லை. சனி, ஞாயிறு காலையில் ஜூரோங் லேக் கார்டன்ஸ். ஒரு துணைப்பாட வகுப்பை நிறுத்தினோம், மதிப்பெண் குறையவில்லை. பையனின் பவர் ஏறும் வேகத்தைக் கண் மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், பவர் ஏறுவதை மெதுவாக்கும் அட்ரோபின் சொட்டு மருந்து பற்றியும் பேசியிருக்கிறோம். குறைந்த அளவு அட்ரோபினைப் பிள்ளைகளிடம் சோதித்ததில் சிங்கப்பூர் தேசியக் கண் நிலையத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

உட்லண்ட்ஸ் கலா

அந்தத் துணைப்பாட விஷயத்தை என் கணவரிடம் காட்டப்போகிறேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் உயர்நிலை இரண்டு. அவளுக்குத் திரை பறிப்பது தூக்கத்தை. பன்னிரண்டு மணிக்கு முன் படுப்பதில்லை, காலை ஐந்தரைக்கு எழுப்ப வேண்டும். பள்ளிப் பேருந்தில் தூங்கிக்கொண்டே போகிறாள். சோம்பேறி என்று அவளைத் திட்டுவதை நிறுத்தியது ஒரு விஷயம் தெரிந்த பிறகுதான். பருவ வயதில், தூக்கம் வரவைக்கும் மெலடோனின் சுரக்கும் நேரமே பின்னால் தள்ளிப்போகிறது. பத்து மணிக்கு அவளுக்குத் தூக்கம் வராதது உடம்பின் வேலை. அதன்மேல் போனும் சேர்ந்தால் பன்னிரண்டு. 14 முதல் 17 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை.

2016இல் நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி, தொடங்கும் நேரத்தை 7.30இலிருந்து 8.15க்கு மாற்றியது. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் 375 மாணவிகளைப் பின்தொடர்ந்தார்கள். பள்ளி தாமதமாகத் தொடங்கினால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்களே, அப்படி ஆகவில்லை. ஒன்பது மாதம் கழித்தும் பழையபடியைவிடக் கூடுதலாகத் தூங்கினார்கள். பகல் தூக்கக் கலக்கமும் குறைந்தது, மனநிலையும் மேம்பட்டது. எல்லாப் பள்ளிகளும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பெற்றோர் எவ்வளவு போனைப் பிடுங்கினாலும் ஏழரை மணிப் பள்ளியோடு போட்டி போட முடியாது.

கதிர் எண்

ஒரு சிறு திருத்தம் மட்டும். நிலைத்து நின்ற கூடுதல் தூக்கம் சுமார் பத்து நிமிடம்தான், ஒப்பிட வேறு பள்ளியும் அதில் இல்லை. இருந்தாலும் உங்கள் கோரிக்கையோடு எனக்கு உடன்பாடு. பிள்ளையின் மன உறுதியை நம்பி இருப்பதைவிட மணியை மாற்றுவது எளிது.

செங்காங் தாதி

எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். கதிர் அண்ணா, மலர் அக்கா, மனசு கொஞ்சம் லேசானது. ஆனால் என் சிக்கல் அப்படியே இருக்கிறது. மாமியாரிடம் "டிவியை அணையுங்கள்" என்று நான் எப்படிச் சொல்வேன்? நாள் முழுக்க நாலு சுவருக்குள் ஒற்றை ஆளாக இருப்பவருக்கு அதுதான் துணை. நான் சொன்னால், "உன் பிள்ளையை வளர்க்க எனக்குத் தெரியாதா" என்று வருத்தப்படுவார். வருத்தப்படுவது நியாயமும்கூட.

தோபாயோ தாத்தா

மகளே, நீ சொல்லாதே, உன் கணவரைச் சொல்லச் சொல். அம்மாவிடம் மகன் சொல்வது வேறு. "டிவி பார்க்காதே" என்றும் சொல்ல வேண்டாம். "பையனுக்கு நீ பேசினால்தான் தமிழ் வரும், எங்களுக்கு நேரமில்லை, டாக்டர்களே சொல்கிறார்கள்" என்று சொல்லச் சொல். வயதானவர்களுக்குத் தன்னால் ஒரு பிரயோசனம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். தொடரை விடவேண்டிய அவசியமும் இல்லை. பையன் மதியம் தூங்கும்போது பார்க்கட்டும், எங்கள் வீட்டில் அப்படித்தான்.

ஈசூன் மலர்

ஐயா சொன்னதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மாமியார் தனியாக இருப்பதுதான் வேர். மாலையில் புளோக் கீழ்த்தளத்துக்கோ விளையாட்டு மைதானத்துக்கோ பையனோடு இறங்கி வந்தால் அவருக்கும் பேச்சுத் துணை கிடைக்கும், பையனுக்கும் வெளிச்சம் கிடைக்கும். செங்காங்கில் தமிழ்ப் பாட்டிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் ஓய்வு நாளில் முதல் தடவை நீங்களே கூட்டிப் போய் அறிமுகப்படுத்துங்கள். நூலகத்திலிருந்து தமிழ்ப் படப் புத்தகங்கள் எடுத்து வையுங்கள். மாமியாருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராவிட்டாலும் படத்தைக் காட்டிக் கதை சொல்லலாம்.

செங்காங் தாதி

இன்று இரவே கணவரிடம் பேசுகிறேன். கடைசியாக ஒரு கேள்வி. என் அம்மா அப்பா காரைக்குடியில் இருக்கிறார்கள். தினமும் வீடியோ அழைப்பில் பையனைப் பார்ப்பார்கள். அமைச்சு அதற்கு விலக்கு கொடுத்திருக்கிறது என்று மலர் அக்கா எழுதினார். 14 மாதக் குழந்தைக்கு அதில் உண்மையிலேயே ஏதாவது ஏறுமா, இல்லை அம்மா அப்பாவின் ஆசைக்கு மட்டும்தானா?

நாவும் காதும்

ஏறும். 2014இல் வந்த ஓர் ஆய்வில் 2 வயதுக் குழந்தைகள் நேரில் கற்றதுபோலவே வீடியோ அழைப்பிலும் புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள், பதிவுசெய்த வீடியோவில் கற்கவில்லை. பையன் வயதுக்கு நெருக்கமானது 2017இல் வந்தது. 12 முதல் 25 மாதம் வரையான 60 குழந்தைகள், ஒரு வாரம் தினமும் திரைவழிப் பேச்சு. நேரலையில் பேசியவரைக் குழந்தைகள் பின்னர் அடையாளம் கண்டு விரும்பினார்கள். சொற்களைக் கற்றதில் பெரிய குழந்தைகளே முந்தினார்கள், அதனால் இப்போதைக்குச் சொற்களை எதிர்பார்க்க வேண்டாம், முகமும் குரலும் பதியட்டும். பேசுபவர் குழந்தைக்குப் பதில் தருவதுதான் வேறுபாடு. குழந்தை "ஆ" என்றால் ஆயா, அதாவது உங்கள் அம்மா, உடனே "ஆமாண்டா" என்பார், பதிவுசெய்த பாட்டு அப்படிச் சொல்லாது.

ஆயாவையும் ஐயாவையும் போனை அசையாமல் வைத்து, பையன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சொன்னபிறகு கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் மாமியார் பையனை மடியில் வைத்துக்கொண்டு, "பார், ஆயா கை தட்டுறாங்க, நீயும் தட்டு" என்று சேர்ந்து பேசட்டும். பத்து நிமிடம் போதும், பையன் திரும்பிக்கொண்டால் அழைப்பை முடித்துவிடுங்கள்.